ஆயிரத்து அறுநூறு மீற்றர்

கையைப் பின்னால் கட்டிக்கொள், புனிதமலர். கட்டிக்கொண்டால்தான் மறந்துபோய் நாயைத் தடவமாட்டாய். நாயைத் தொட்டால் தோல்வி, வண்டியைத் தொட்டால் தோல்வி, வண்டியில் இருக்கிற அரிசிப்பை நிலத்தில் விழுந்தால் தோல்வி. கதைக்கலாம். எவ்வளவு வேண்டுமானாலும் கதைக்கலாம், இருபத்தெட்டு வருசத்தில் இந்த சுவிஸ் நாடு எனக்குத் தந்த மிகப் பெரிய சலுகை இதுதான் என்று நினைக்கிறேன். "நட பேரி." நடக்கிறான். நாற்பத்தாறு கிலோ நாய், கறுப்பு முதுகு, வெள்ளை நெஞ்சு, கண்ணுக்கு மேலே இரண்டு மண்ணிறப் பொட்டு, நெஞ்சைச் சுற்றித் தோல்பட்டி, பட்டியின் இரண்டு பக்கமும் மரத்தண்டு, தண்டுக்குப் பின்னால் நாலு சில்லு வண்டி, வண்டிக்குள் பத்துக் கிலோ அரிசிப்பை இரண்டு. சோதனைக்கு வந்த மற்றவர்கள் மணல்மூட்டை கொண்டுவந்தார்கள், ஒருவர் பால் கலன் கொண்டுவந்தார். இவர் காலையில் வீட்டிலிருந்து அரிசியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். "தோத்தாச் சோறு, வெண்டாப் பொங்கல்" என்றார். இவர் என்றால் என் கணவர் கருணைநாதன். இப்போது எங்கேயோ ஒளிந்திருக்கிறார், ஒளிந்திருக்கச் சொன்னதே நான்தான், கண்டால் பேரி வண்டியோடு அவரிடம் ஓடிவிடுவான். சரளைக்கல்லில் சில்லுகள் கறுமுறு என்று உருளுகின்றன, அதற்குப் பின்னால் நடுவர் ஃபிராவ் ஸ்டால்டரின், அதாவது திருமதி ஸ்டால்டரின், சப்பாத்துச் சத்தம், பத்தடி தள்ளி, பத்தடியிலிருந்து குறையாமல் கூடாமல். கையில் ஓர் எழுதுமட்டை, அதில் ஒரு தாள், தாளில் என்ன எழுதுகிறாரோ. எம்மென்டால் பள்ளத்தாக்கு முழுவதும் பனிப்புகார், மாட்டுமணிச் சத்தம் கேட்கிறது, மாட்டைக் காணவில்லை. மொத்தம் ஆயிரத்து அறுநூறு மீற்றர். எவ்வளவு வந்துவிட்டோம் என்று தெரியவில்லை. நூறு? நூற்றைம்பது? பெரிய கூரை வீடொன்று போகிறது, ஜன்னல் எல்லாம் சிவப்புப் பூ. எனக்குத்தான் வீடு போகிற மாதிரி இருக்கிறது, நாங்கள்தான் போகிறோம். மூச்சை விடு. மூச்சை விடலாம், அதற்குத் தடை இல்லை.

தடை இல்லையா? நேற்று மாலை சொன்ன விதிகளில் ஒன்று எனக்கு விளங்கவில்லை. எல்லா விதியையும் ஃபிராவ் ஸ்டால்டர் பள்ளிக்கூட ஜெர்மனில் ஆறுதலாகச் சொன்னார், நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன், கடைசியில் ஒரே ஒரு வசனம் மட்டும் சுவிஸ் ஊர்ப்பேச்சில் கடகடவென்று சொன்னார், அந்த நேரம் பார்த்து ஓர் உழவு இயந்திரம் பக்கத்தால் போனது, பன்னிரண்டு நாய்களின் சொந்தக்காரரில் பதினொரு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் பிழை. சிரிக்காமல் நின்றிருந்தால் "என்ன சொன்னீர்கள்" என்று கேட்டிருக்கலாம். சிரித்துவிட்ட பிறகு எப்படிக் கேட்பது? சிரித்தாயே, எதற்குச் சிரித்தாய் என்று கேட்டால்? இரவெல்லாம் அந்த வசனத்தின் ஓசையைத் திருப்பித் திருப்பி வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். நாய் என்ற சொல் இருந்தது. வழி என்ற சொல் இருந்தது. தோல்வி என்ற சொல் நிச்சயமாக இருந்தது. நாய், வழி, தோல்வி. வழியில் நாய் குரைத்தால் தோல்வியா? குரைத்தால் எதற்குச் சிரிக்க வேண்டும்? வழியில் நாயோடு அதிகம் கதைத்தால் தோல்வியா? அப்படியென்றால் நான் இப்போதே தோற்றுவிட்டேன். "நல்ல பிள்ளை, நட, நட, நடந்துகொண்டேயிரு." சிவப்பு நிறம் என்று ஏதும் சொன்னாரோ, நான் போட்டிருப்பது சிவப்பு ஜக்கெற், என் மகள் சாம்பவி போன நத்தார்ப் பண்டிகைக்கு அனுப்பியது. சீச்சீ, நாய்க்கு நிறமெல்லாம் தெரியாதாம், படித்திருக்கிறேன். நாய், வழி, தோல்வி. பேரியின் வால் ஆடுகிறது, வலம், இடம், வலம், இடம், அவனுக்கு ஒரு வசனமும் விளங்காமல் போகவில்லை, அவனுக்குத் தெரிந்த வசனமே நாலு. நட, நில், மெல்ல, பின்னுக்கு. நாலும் தமிழ். "எந்த மொழியில் கட்டளை கொடுப்பீர்கள்" என்று நேற்றுக் காலை ஃபிராவ் ஸ்டால்டர் கேட்டபோது "தமிழ்" என்றேன், "அது எப்படி ஒலிக்கும், ஒருமுறை சொல்லுங்கள்" என்றார், "நில்" என்றேன், என் நாய் நின்றது, பக்கத்தில் நின்ற இரண்டு ஜெர்மன் நாய்கள் என்னைப் பார்த்தன. நேற்று எல்லாம் நன்றாகத்தான் போனது. கூப்பிட்டவுடன் வந்தான், பட்டி பூட்டும்போது சிலைமாதிரி நின்றான், ஒடுக்கமான படலைக்குள்ளால் வண்டியை முட்டாமல் கொண்டுபோனான், பின்னுக்கு நடப்பதற்கு மட்டும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு தரம் வரை சொல்லலாம். மூன்றாம் தரம் சொன்னால்தான். சரி, நேற்று முடிந்தது. இன்றைக்கு இந்தப் பாதை.

என் வாழ்க்கையில் நாயோடு ஒரு பாதையில் நடப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால். அனலைதீவில் ஒன்பது வயதில் ஒரு நாய் கடித்தது, இடது கெண்டைக்காலில், அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, ஒவ்வொரு நாளும் ஒன்று, நர்ஸ் "இன்னும் எத்தினை" என்று என்னையே எண்ணச் சொல்லுவா. பதினாலு என்ற எண்ணைக் கண்டால் இன்றைக்கும் வயிற்றுக்குள் ஏதோ சுருங்கும். கெண்டைக்காலில் அந்த அடையாளம் இப்போதும் இருக்கிறது, அதே காலுக்குப் பக்கத்தில்தான் இப்போது பேரியின் வாய், இரண்டு விரற்கடைத் தூரத்தில், ஆவி பறக்க, எச்சில் ஒழுக. ஒழுகட்டும். சாம்பவிதான் கொண்டுவந்தாள், கொரோனாக் காலத்தில், பல்கலைக்கழகம் பூட்டிக் கிடந்தபோது, ஒரு கடதாசிப் பெட்டிக்குள். "அம்மா, கத்தாதேங்கோ, முதல்லை பாருங்கோ" என்றாள். நான் கதிரைக்கு மேலே ஏறி நின்று பார்த்தேன். பெட்டிக்குள் கறுப்பாக ஏதோ நித்திரை கொண்டது. பேரி என்றால் இந்த ஊர்ப்பேச்சில் கரடியாம். கரடியே கொண்டுவந்திருக்கலாம், கரடி கடித்த அனுபவம் எனக்கில்லை. பிறகு சாம்பவி படிப்பு முடித்துப் பாசல் நகரத்தில் வேலை எடுத்துப் போனாள், அவளுக்குக் கிடைத்த அறை கைக்குட்டை அளவு, நாய் என்னிடம் மிஞ்சியது. மிஞ்சியது என்றா சொன்னேன்? சொல்லக்கூடாது. ஒருநாள் வேலையால் வந்து களைப்பில் சப்பாத்தைக் கழற்றாமல் நிலத்தில் இருந்துவிட்டேன், அவன் வந்து என் மடியில் தலையை வைத்தான், தலை மட்டுமே ஒரு பறங்கிக்காய்ப் பாரம், நான் எழும்பவில்லை, கால் விறைத்துப் போகும்வரை எழும்பவில்லை. அவ்வளவுதான் நடந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. "மெல்ல பேரி, மெல்ல, இஞ்சை வளைவு." வளைகிறான். சில்லு புல்லில் ஏறாமல் வளைகிறான், ஃபிராவ் ஸ்டால்டர் கண்டிருப்பார், எழுதட்டும், நன்றாக எழுதட்டும். வீட்டில் இவருக்கு அவன் "அது". "அதுக்குச் சாப்பாடு வைச்சியோ." "அது ஏன் என்னைப் பாக்குது." ஆனால் இவருடைய குளிர்க்கோட்டின் வலதுபக்கப் பையில் எப்போதும் இறைச்சி மணக்கும், உணவகத்துச் சமையலறையில் வேலை என்றால் அப்படித்தான் மணக்கும் என்பார், இடதுபக்கப் பை ஏன் மணக்கவில்லை என்று நான் கேட்டதில்லை. இந்த வண்டியும் ஒரு விவசாயியின் கொட்டிலில் தூசிக்குள் கிடந்தது, நாலு சனிக்கிழமை முணுமுணுத்து முணுமுணுத்துச் சில்லுப் பூட்டினவர் இவர்தான்.

கடிதத்தை நினைக்காதே. நினைக்காதே என்றால் அதுதான் முன்னுக்கு வரும். போன மாசியில் இவரை உணவகத்தில் பகல்வேலைக்கு மாற்றினார்கள், எனக்கும் பகல்வேலை, காலை ஏழிலிருந்து நாலு வரை பேரி தனியே. தனியே இருந்தால் அழுவான். அழுவது கீழ்வீட்டு மனிதருக்குக் குரைப்பாகக் கேட்டது. அவரிலும் பிழையில்லை, இருதயம் சரியில்லாத மனிதர், பகலில் படுக்கிறவர், படிக்கட்டில் கண்டால் அவரே தலையைக் குனிந்துகொண்டு போவார். வீட்டு நிர்வாகம் கடிதம் போட்டது, பிறகு இன்னொன்று போட்டது, இரண்டாவதில் திகதி இருந்தது. இந்த மாதம் முப்பத்தோராம் திகதிக்குப் பிறகு நாய் பகலில் தனியே வீட்டில் இருக்கக்கூடாது, இருந்தால் நாயை அப்புறப்படுத்த வேண்டும். அப்புறப்படுத்த. கட்டிலை, அலுமாரியை அப்புறப்படுத்துகிற அதே சொல். நான் அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் ஃபிராவ் ரீசரிடம் காட்டினேன், முதியோர் இல்லத்தில் என் மேலதிகாரி, நான் அங்கே உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை. தொண்ணூற்றிரண்டு பேரின் உடுப்பு, ஒவ்வொரு காலுறையிலும் பெயர் தைத்திருக்கும். தோய்த்து மடித்த உடுப்பை முற்றத்தைக் கடந்து மூன்று கட்டடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், தள்ளுவண்டியில் நான்தான் தள்ளுவேன். ஃபிராவ் ரீசர் கடிதத்தைப் படித்தார், ஜன்னலால் முற்றத்தைப் பார்த்தார், "உன் நாய் வண்டி இழுக்கிற சாதிதானே" என்றார். முதலில் பகிடி என்று நினைத்தேன், சிரிக்கவும் தொடங்கிவிட்டேன். பகிடி இல்லை. காப்புறுதிக்காரரைக் கேட்டார், அவர்கள் சான்றிதழ் கேட்டார்கள், வண்டி இழுக்கும் சோதனையில் தேறிய நாய் என்றால் இல்லத்துக்குள் வரலாம், வேலை இல்லாத நேரம் தோய்க்கும் அறைக்கு வெளியே விறாந்தையில் படுக்கலாம். இந்த வருசத்தில் இனிச் சோதனை இல்லை, இதுதான் கடைசி. இன்றைக்குத் திகதி பத்தொன்பது. ஆக, எல்லாம் அந்த மட்டையில் இருக்கிற தாளில்தான், அதில் ஓடுகிற ஃபிராவ் ஸ்டால்டரின் சின்னப் பென்சிலில்தான். எழுதுகிறாரா? எழுதுகிற சத்தம் இந்தச் சரளைக்குள் கேட்குமா? நாய், வழி, தோல்வி. திரும்பிப் பார்க்காதே. மஞ்சள் வழிகாட்டிப் பலகை வருகிறது, அதுதான் பாதித்தூரம் என்றார்கள், எண்ணூறு, அப்பாடா, எண்ணூறு வந்துவிட்டோம், பனிப்புகாரும் கொஞ்சம் கலைகிறது, இதோ மாடுகள், இவ்வளவு நேரமும் வேலிக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கின்றன, ஏழு, எட்டு, எல்லாம் எங்களையே பார்க்கின்றன. பேரி மாட்டைப் பார்த்துக் குரைக்கிறவன் இல்லை. இல்லைத்தானே? மாட்டைப் பார்க்காதே பேரி, என்னைப் பார். பார்க்கவில்லை. மாட்டையும் பார்க்கவில்லை. புல்லை மணக்கிறான். ஏன் மணக்கிறான்? ஏன் நின்றுவிட்டான்?

"நட." நடக்கவில்லை. "பேரி, நட." இரண்டு தரம் ஆகிவிட்டது. மூன்றாம் தரம் சொல்லலாமா, இன்றைக்கும் அந்தக் கணக்குத்தானா? பட்டி எங்காவது உரசுகிறதா, கால் நோகிறதா, கல் குத்திவிட்டதா, குனிந்து பார்க்கலாம், தொடக்கூடாது, பின்னால் கட்டின கைகள் ஒன்றையொன்று நசுக்குகின்றன. அப்போதுதான் கண்டேன். முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு, பின்கால் இரண்டையும் ஒடுக்கிக்கொண்டு, தண்டுகளுக்கு நடுவில், அரிசிவண்டிக்கு முன்னால், அந்த முகத்தில் ஒரு தியானம். ஐயோ. ஐயோ பேரி, இப்பவோ, இஞ்சையோ. காலையில் இருபது நிமிடம் பற்றை பற்றையாகக் கூட்டிக்கொண்டு திரிந்தேனே, அப்போது என்ன செய்தாய்? நாய், வழி, தோல்வி. விளங்கிவிட்டது. இப்போது விளங்கி என்ன. இதுதான் அந்த வசனம், வழியில் நாய் அசிங்கப்படுத்தினால் தோல்வி, அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள், சிரிக்கக்கூடிய விதி இது ஒன்றுதான். முடிந்தது. ஐந்து மாதப் பழக்கம், வாகனத் தரிப்பிடத்தில் சுற்றிச் சுற்றி நடந்த ஞாயிற்றுக்கிழமைகள், விறாந்தை, சான்றிதழ், எல்லாம் மாட்டுவேலிக்குப் பக்கத்தில் முடிந்தது. யாரிடம் கொடுப்பது உன்னை? தமிழ் தெரிந்த ஆள் வேண்டும். சப்பாத்துச் சத்தம் கிட்ட வருகிறது. பத்தடி, ஐந்தடி. நான் திரும்பினேன். "மன்னிக்கவும் ஃபிராவ் ஸ்டால்டர்" என்றேன், "தோல்விதானே?"

"எது தோல்வி?"

"இது." கையால் காட்டினேன். பேரி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான், காரியம் இன்னும் முடியவில்லை.

அவர் என் முகத்தை ஒருகணம் பார்த்தார். நேற்று நான் விளங்காமல்தான் சிரித்தேன் என்பது அவருக்கு அந்த ஒருகணத்தில் தெரிந்துவிட்டது, எனக்கு அவர் தெரிந்துகொண்டது தெரிந்தது. பிறகு பள்ளிக்கூட ஜெர்மனில், சொல் சொல்லாக, மழலைப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "நேற்று நான் சொன்னது இது. வழியில் நாய் காரியத்தை முடித்தால் பரவாயில்லை. கூட்டிவருகிறவர் முடித்தால்தான் தோல்வி."

எனக்குச் சிரிப்பு உடனே வரவில்லை. பிறகு வயிற்றில் எங்கேயோ அந்தப் பதினாலு ஊசியும் குத்தின இடத்தில் ஒரு குமிழி கிளம்பி மேலே வந்தது, வாய்க்கு வந்தபோது அது என் சத்தமாகவே இல்லை, மாடுகள் ஓரடி பின்வாங்கின. ஃபிராவ் ஸ்டால்டரும் சிரித்தார், மட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. ஒரு நாள் தாமதமாகச் சிரித்த பன்னிரண்டாவது ஆள் நான். பேரி முடித்துவிட்டுப் பின்காலால் புல்லை இரண்டு தரம் கிளறினான், வண்டி ஆடியது, அரிசி அசையவில்லை. "எடுத்துவிட்டு வாருங்கள்" என்றார், அதை எடுப்பது சோதனை விதியல்ல, நாட்டுச் சட்டம். பையில் எடுத்து முடிச்சுப் போட்டேன். எங்கே வைப்பது? வண்டியில் அரிசி இருக்கிறது. ஜக்கெற் பையா, சாம்பவி வாங்கித் தந்தது. கையிலேயே பிடித்துக்கொண்டேன், வெதுவெதுப்பாக இருந்தது, காலைக்குளிருக்கு உண்மையைச் சொன்னால் இதமாகவும் இருந்தது. "நட பேரி." அவன் நடந்தான், இலேசாகிவிட்ட மனிதன் நடப்பதுபோல, தலையை உயர்த்திக்கொண்டு.

இப்போது எனக்கும் நடை வந்துவிட்டது. காலைக் கவனிக்காமல் கால் போகிறது. வெயில் ஒரு மலையின் தோளில் மட்டும் விழுந்திருக்கிறது, சாணிமணம், வெட்டின புல்லின் மணம், எங்கேயோ யாரோ வெங்காயம் வதக்குகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை. பயப்படுவதற்கு ஒன்றுமில்லை என்பதும் ஒருமாதிரிப் பயமாகத்தான் இருக்கிறது, அடுத்தது எது என்று மனம் தேடுகிறது, தேடாதே என்றால் கேட்காது. தொண்ணூற்றிரண்டு பேரில் யாருக்காவது நாயென்றால் பயம் இருக்குமா, இருக்கும், எனக்கு இருந்ததே, அவர்களுக்கு நான் சொல்லலாம், கதிரைமேல் ஏறி நிற்பதுதான் முதற்கட்டம் என்று சொல்லலாம். ஆயிரத்து இருநூறு இருக்குமா? ஆயிரத்து முந்நூறு? பாதை இறங்கத் தொடங்குகிறது. இறக்கம் கவனம். ஏற்றத்தில் நாய் வண்டியை இழுக்கும், இறக்கத்தில் வண்டி நாயைத் தள்ளும், தள்ளினால் சில நாய்கள் வெருண்டு ஓடும். "மெல்ல. மெல்ல. மெல்..ல." பின்கால்களை மடித்து ஊன்றுகிறான், இருபது கிலோ அரிசியும் வண்டியும் அவன் இடுப்பில் வந்து சாய்கின்றன, தாங்குகிறான், நகம் சரளையில் கீறுகிறது. அப்படித்தான், என்ரை ராசா. கீழே ஒரு மாட்டுக்கொட்டில், அதைத் தாண்டினால் வெள்ளைக்கோடு, கோட்டைச் சுற்றி ஆட்கள், குடைகள். கொட்டிலுக்குக் கிட்ட வரும்போது பேரியின் மூக்கு மேலே போனது. மூக்கு போன பக்கம் தலை போனது, தலை போன பக்கம் காது. கொட்டிலின் மூலையில் பலகைக்கும் கல்லுக்கும் நடுவில் நீலநிறக் குளிர்க்கோட்டின் ஒரு முழங்கை.

ஐயோ மனுசா, ஒளிக்கச் சொன்னால் இங்கேயா ஒளிப்பது, காற்று வீசுகிற பக்கத்தில்! பேரி பாதையை விட்டுப் புல்லில் காலை வைத்துவிட்டான். ஒரு காலடி. இரண்டு. வலப்பக்கச் சில்லு பாதையோரத்தில் ஏறியது, வண்டி சரிந்தது, மேலே இருந்த அரிசிப்பை வழுக்கி வழுக்கி விளிம்புக்கு வந்து பாதி வெளியே தொங்கியது. என் கை, பை பிடிக்காத கை, முன்னால் பாய்ந்துவிட்டது, வண்டிக்கும் விரலுக்கும் ஒரு சாண், நிறுத்து, நிறுத்து, தொட்டால் முடிந்தது. "நில்." நின்றான். நின்றான்தான், ஆனால் முழு உடம்பும் கொட்டிலைப் பார்த்து நடுங்குகிறது, வாய் அழத் தொடங்குகிறது, அந்த அழுகை எனக்குத் தெரியும், காலை ஏழுமணிக்குக் கதவைப் பூட்டும்போது கேட்கிற அழுகை. பின்னுக்கு வா என்றால் பை விழும். நட என்றால் கொட்டிலுக்குப் போவான். மெல்ல என்று சொல்லி என்ன பயன். நாலு சொல்லும் முடிந்துவிட்டது. எனக்கு வேறு கட்டளை தெரியாது. கட்டளை இல்லாமல் கதைக்கத்தான் தெரியும். "பேரி, இஞ்சை பார். என்னைப் பார் குஞ்சு. அப்பா அங்கைதான் நிக்கிறார், எங்கையும் போகேல்லை. அவர் பிறகு வருவார். நாங்கள் இதை முதல்லை கொண்டுபோய்க் குடுப்பம். நீயும் நானும். என்ன? வா, இந்தப் பக்கம். இந்தப் பக்கம்." அப்பா என்ற சொல்லை எங்கள் வீட்டில் நாய்க்கு யாரும் சொன்னதில்லை. கொட்டிலின் மூலையில் முழங்கை மெல்ல உள்ளே போனது. மூச்சும் விடாமல் நின்றிருப்பார், எனக்குத் தெரியும். பேரி மூலையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கண்ணுக்கு மேலே இருக்கிற பொட்டு இரண்டும் ஒன்றையொன்று நெருங்கின. பிறகு இடது காலைத் தூக்கிப் பாதையில் வைத்தான், தோளைத் திருப்பினான், தண்டு திரும்பியது, சில்லு விளிம்பிலிருந்து தொப்பென்று இறங்கியது, அந்த அதிர்ச்சியில் அரிசிப்பை துள்ளி, என் கண் மூடி, திறந்தபோது வண்டிக்குள்ளே குப்புறக் கிடந்தது. உள்ளே. "நட" என்றேன். சொல்ல முன்னமே நடந்துகொண்டிருந்தான்.

வெள்ளைக்கோட்டைத் தாண்டியதும் யாரும் கைதட்டவில்லை, தட்டக்கூடாது, நாய்கள் வெருளும், எல்லோரும் கையை உயர்த்தி விரல்களை ஆட்டினார்கள், குடைகளுக்கு நடுவில் அவ்வளவு விரல்கள். ஃபிராவ் ஸ்டால்டர் குனிந்து பட்டியின் கீழே கையை விட்டுப் பார்த்தார், அக்குளில் உரசின காயம் இருக்கிறதா என்று, நாலு பாதத்தையும் தூக்கிப் பார்த்தார், மட்டையில் எழுதினார். நீளமாக எழுதினார். என் கையிலிருந்த பையைப் பார்த்து, "அந்தப் பக்கம் வாளி இருக்கிறது" என்றார். பிறகு, "தேர்ச்சி" என்றார். பிறகு, "இனித் தொடலாம்" என்றார். நான் ஈரப்புல்லில் முழங்காலில் இருந்துவிட்டேன். அவனுடைய கழுத்துமயிர் நனைந்து நாறியது, உள்ளே இருதயம் தும் தும் என்று என் கன்னத்தில் இடித்தது, என்னுடையதைவிட ஆறுதலாக. கொட்டிலிலிருந்து இவர் ஓடி வந்தார், ஐம்பத்தொன்பது வயதில், குளிர்க்கோட்டை ஒருகையால் பிடித்துக்கொண்டு. வந்தவர் வலதுபக்கப் பைக்குள் கையை விட்டு, எல்லோரும் பார்க்க, ஒரு முழு இறைச்சித்துண்டை எடுத்துப் பேரிக்குக் கொடுத்தார்.

என்ன நடந்தாலும் உடனே போன் எடு என்று ஃபிராவ் ரீசர் சொல்லியிருந்தார். எடுத்தேன். "தேறிட்டான்" என்று தமிழில் சொல்லிவிட்டேன், அவருக்கு அது விளங்கிவிட்டது, போனுக்குள் ஏதோ கதிரை விழுந்த சத்தம் கேட்டது. "நாளைக்கே கூட்டிக்கொண்டு வா" என்றார், "பொறு, அலுவலகத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும், இங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் நெஞ்சில் பெயர் அட்டை உண்டு, இவனுக்கும் வேண்டும். முதற்பெயர்?"

"பேரி."

"குடும்பப் பெயர்?"

நிமிர்ந்து இவரைப் பார்த்தேன். இவர் பேரியின் நெஞ்சுப்பட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தார், பேரி முழுப்பாரத்தையும் இவருடைய முழங்காலில் சாய்த்திருந்தான், நல்ல காற்சட்டையெல்லாம் எச்சில்.

"கதிரித்தம்பி" என்றேன் போனுக்குள், இவருடைய பெயருக்குப் பின்னால் எழுதுகிற பெயரை.

இவருடைய கை நின்றது. "இஞ்சேர், மலர்! அது எங்கடை ஐயாவின்ரை பேரல்லோ!"

"ஹலோ?" என்றார் ஃபிராவ் ரீசர். "விளங்கவில்லை, இன்னொரு தரம் சொல்."

இவர் நாயைப் பார்த்தார். நாய் இவரைப் பார்த்தது. வளையத்திலிருந்து கடைசிப் பட்டியையும் இழுத்து எடுத்து, தோளில் போட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"எழுத்துக்கூட்டிச் சொல்லப்பா. உவை பிழையா எழுதிப்போடுவினம்."